எச்சிச் சொல்லு

சாத்தாங்கரையில ஒருத்தர் பேச ஆரம்பிச்சா இன்னொருத்தர்தான் முடிச்சு வைக்கணும். அது சண்டையில சேராது, பாசத்துல சேந்தது. "காலையில சந்தைக்குப் போனேனா…"ன்னு ஒருத்தி இழுத்தான்னா, "கத்திரிக்காய்க்கு வந்த வாழ்வப் பாத்தியா, அதான?"ன்னு எதுத்தாப்புல நிக்கவ முடிச்சிரணும். முடிக்கலன்னா, "நான் பாட்டுக்குப் பேசிட்டு இருக்கேன், நீ வெளக்கமாறு மாதிரி சாஞ்சிக்கிட்டு நிக்க"ன்னு மொதக்காரிக்கு மொகம் வாடிரும். துட்டி வீட்டுல ஒருத்தி ஒப்பாரிய எடுத்தா பக்கத்து வீட்டுக்காரி அடிய முடிப்பா. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள "எனக்குப் பொண்ண…"ன்னு வாயத் தொறந்ததும் "புடிச்சிருக்காம்"னு பொண்ணோட தாய்மாமன் முடிச்சு, தாம்பூலத்த மாத்தி, அப்படி நடந்த கல்யாணங்க ஊர்ல நெறைய, அவன் என்ன சொல்ல வந்தான்னு இன்னைக்கு வரைக்கும் அவன் பொண்டாட்டிக்கே தெரியாது.

அதே ஊர்ல எச்சி மட்டும் ஆகாது. டம்ளர்ல ஒதடு பட்டா ஆகாது, கடிச்ச மாங்கா ஆகாது, புள்ள தின்ன தட்டுல பெத்தவளே சாப்பிட மாட்டா. காப்பித்தண்ணியக்கூட அண்ணாந்து ஊத்தி மூக்குல ஏறி இருமிச் சாவானே தவிர ஒதட்டுல வைக்க மாட்டான் சாத்தாங்கரைக்காரன். இந்த அருவருப்புல பட்டமே குடுக்கலாம்னா அத வாங்கிட்டு வந்து சொவத்துல மாட்டியிருப்பா முப்பிடாதி. அவ வீட்டுக்கு வந்தவங்க காப்பி குடிச்சிட்டு எந்திரிக்க முன்னாடியே டம்ளர இடுக்கியால புடிச்சுக் கொண்டுபோயி சாம்பல் போட்டு வெளக்கிக் கவுத்திருவா. அப்படி ஒரு மூக்கு, அப்படி ஒரு நாக்கு, அப்படி ஒரு "ச்சீ".

அவ புருஷன் பூதலிங்கம் மாவு மில்லு வச்சிருந்தாரு. மொளகா, மல்லி, கோதும, கேப்ப, எது வந்தாலும் அரைச்சுக் குடுப்பாரு. மோட்டார் ஓடும்போது பேசுனா கேக்காதுன்னு, அது நிக்கிற வரைக்கும் காத்திருந்து வாயத் தொறப்பாரு. அதுக்குள்ள வந்தவங்க அவரு சொல்ல வந்ததையும் சேத்து அவங்களே பேசிட்டு, மாவத் தூக்கிட்டுப் போயிருப்பாங்க. வீட்டுக்கு வந்தா முப்பிடாதி. "இன்னைக்கு மில்லுல…"ன்னு ஆரம்பிப்பாரு. "பெல்ட்டு அறுந்துருக்கும், நான் அப்பவே சொன்னேன்"ன்னு முடிப்பா. பெல்ட்டு அறுந்துருக்காது. அவரு சோத்தப் பெசஞ்சுக்கிட்டே தலைய ஆட்டிருவாரு. இப்படியே கல்யாணமான நாள்லேருந்து ஆட்டி ஆட்டி, அவரு சொல்லு அவருக்குள்ளேயே கெடந்து, யாரும் தொடாம, பொய்யில பொரளாம, பூட்டி வச்ச பித்தளப் பாத்திரம் மாதிரி கனமா இருந்துச்சு. எப்பவாவது "மொளகா நமுத்துருக்கு, நாளைக்கு வாங்க"ன்னு ஒண்ணு முழுசா வந்துட்டா, எப்பேர்ப்பட்ட சண்டக்காரியும் பையத் தூக்கிட்டு மறு பேச்சு இல்லாம போயிருவா.

பஸ் ஸ்டாப்பு பக்கத்துல கவுன்சிலர் மந்திரமூர்த்தி புதுசா வேகத்தட போட்டு, வெள்ளக்கோடு போட மறந்த வாரத்துல, பூதலிங்கம் டிவிஎஸ்ல வந்து அதுல ஏறிப் பறந்தாரு. தல ரோட்டுல மோதுச்சு. பெரியாஸ்பத்திரியில மண்டையத் தொறந்து ரத்தத்த எடுத்தாங்க, உசிரக் குடுத்தாங்க, வலது கையப் பாதி குடுத்தாங்க, பேச்ச மட்டும் குடுக்கல. எல்லாம் புரியும் அவருக்கு. யாரு வந்தா, யாரு வரல, சாம்பார்ல உப்பு கம்மி, எல்லாம் தெரியும். வாயத் தொறந்தா மொத எழுத்து வந்து வாசல்ல நிக்கும், மிச்சம் வராது. கெட்ட வார்த்த மட்டும் பளிச்சுன்னு வந்துச்சு. ஊசி போட வந்த நர்சுகிட்ட ஒண்ணு சொன்னாரு பாருங்க, அந்தம்மா ஊசியக் கீழ போட்டுட்டா, முப்பிடாதி கையெடுத்துக் கும்பிட்டா.

"அது தானா வாரது அக்கா. திட்டு, எண்ணிக்கை, பாட்டு எல்லாம் வேற வழியில வரும்"னு சொன்னா ஜெபக்கனி. ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற பொண்ணு. குட்டையா, கண்ணாடி போட்டு, எப்பவும் பையில முறுக்கு வச்சிருப்பா. "நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அவரு சொல்ல ஆரம்பிச்சா நீங்க பேசக் கூடாது. காத்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"வார வரைக்கும்."

"வரலன்னா?"

"பாத்தீங்களா, என்னையே முடிக்க விட மாட்டேங்குதீங்க."

அவ ஒரு பொட்டணம் புளிப்பு மிட்டாயக் குடுத்தா. நோயாளி பேச ஆரம்பிச்சதும் ஒண்ண வாயில போட்டுக்கிடணும், அது கரையிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, அதான் அவ தொழில் ரகசியம், அவளே அப்படித்தான் செய்வாளாம். முப்பிடாதி ஒண்ண வாங்கி வாயில போட்டா. பூதலிங்கம் "க…"ன்னாரு. கடுக்குன்னு கடிச்சு முழுங்கிட்டு, "கட்டிலு. கட்டில்ல படுக்கணுமா?"ன்னா.

ஜெபக்கனி அவளையே பாத்துக்கிட்டு இன்னும் ரெண்டு பொட்டணம் எடுத்துக் குடுத்தா.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஊரு வந்துட்டு. சாத்தாங்கரையில ஒருத்தன் படுத்துட்டா ரொட்டியும் ஹார்லிக்ஸும் வாழப்பழமுமா ஊரே வந்து கட்டிலச் சுத்தி உக்காந்துரும். மொத ஆளு டீக்கடை ஆவுடை. "அண்ணாச்சி, என்னயத் தெரியுதா? நான் யாரு? ஆ… ஆ… சொல்லுங்க"ன்னு, செவிடங்கிட்ட பேசுற மாதிரி கத்துனா. பூதலிங்கம் அவளப் பாத்துட்டு, வறண்டு போன ஒதட்ட நக்கிட்டு, "தண்…"ன்னாரு.

"தண்ணி! தண்ணி வேணுமா"ன்னு ஆவுடையும் முப்பிடாதியும் பின்னாடி நின்ன நாலஞ்சு பேரும் ஒண்ணா முடிச்சாங்க.

பொத்துன்னு அவரு வாயிலேருந்து ஒண்ணு விழுந்துச்சு.

போர்வையில கெடந்துச்சு அது. நெல்லிக்கா அளவு, கருஞ்செவப்பு, குதப்பித் துப்புன வெத்தல மாதிரி நாரு நாரா, மேல கோழ சுத்தி, ரெண்டு நரச்ச மயிரு ஒட்டி, லேசா சூடா, மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்கிக்கிட்டு. முப்பிடாதி "ச்சீ"ன்னுட்டு இடுக்கிய எடுக்கப் போனா.

ஆவுடை குனிஞ்சு பாத்தா. "சொல்லு விழுந்துட்டு மதினி"ன்னா, பல்லு விழுந்துட்டுங்கிற மாதிரி.

"தலையில அடிபட்டா விழத்தான செய்யும். எங்க சின்னையாவுக்கு டைபாய்டு வந்தப்ப மயிரு விழுந்துச்சு"ன்னாரு இன்னொருத்தரு. எல்லாரும் ஆமாம்னு தலைய ஆட்டுனாங்க. அதுக்கு மேல அதப் பத்திப் பேச என்ன இருக்கு? ரொட்டிய வச்சுட்டுப் போயிட்டாங்க.

முப்பிடாதி அந்தத் 'தண்ணி'ய இடுக்கியால தூக்கி ஒரு தட்டுல வச்சு, குப்பையில போடவும் மனசு வராம, வீட்டுல வைக்கவும் வயிறு கேக்காம, முன் ரூம்பு மேசையில வச்சா. அங்கதான் அவ கோட்ட விட்டது. மறுநாள் கவுன்சிலர் மந்திரமூர்த்தி, வேகத்தடைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி, சால்வையும் போட்டோக்காரனுமா உள்ள வந்து, "அண்ணாச்சி நல்லாருக்கியளா"ன்னு கேட்டு, அவரே "நல்லாருக்காவ"ன்னு சொல்லி, மேசையில தட்டுல இருந்தத பேரீச்சம்பழம்னு நெனச்சு எடுத்து வாயில போட்டுட்டாரு.

முப்பிடாதி கண்ணு முன்னாடிதான் போட்டாரு. கத்தியிருக்கலாம். வாயில புளிப்பு மிட்டாய் இருந்துச்சு, அன்னைக்குன்னு பாத்து கடிக்காம வச்சிருந்தா. மொத மொதலா ஜெபக்கனி சொன்னத அவ கேட்டது அப்பத்தான். கவுன்சிலரு மென்னாரு. வாயோரத்துல கோழ நூலா எறங்குச்சு. "நல்ல பழம், கொட்ட எடுத்ததா?"ன்னு கேட்டுட்டு, முழுங்கி, அந்த ரெண்டு மயிரையும் பல்லு சந்துலேருந்து இழுத்துப் போட்டுட்டுப் போனாரு. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் முப்பிடாதிக்குச் சோறு எறங்கல.

சாயந்தரம் ஆலடியில கூட்டம். எப்பவும் போல மந்திரமூர்த்தி மைக்கப் புடிச்சு, "அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு தண்ணி வரும்"னாரு. எப்பவும் போல சிரிச்சிருக்கணும் ஊரு. சிரிக்கல. அவரு வாயில அந்த ஒரு சொல்லு மட்டும் பூதலிங்கம் கொரல்ல, கனமா, கிணத்துல வாளி விழுற மாதிரி விழுந்துச்சு. மத்ததெல்லாம் மந்திரமூர்த்தி, 'தண்ணி' மட்டும் பூதலிங்கம். கேட்டதும் பொம்பளைங்க எந்திரிச்சாங்க, கொடத்த எடுத்தாங்க, கொழாயடியில போயி வரிசையில நின்னாங்க. கொழாய் காத்து விட்டுச்சு. ஒருத்தி கலையல. தாகத்துல நாக்கு ஒட்டிக்கிட, "வரும், அவரு எப்பிடிச் சொன்னாரு பாத்தியா"ன்னு நின்னாங்க.

ஊருக்குப் புரிஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் பூதலிங்கத்துக்கு நலம் விசாரிக்க வராத ஆளு இல்ல. மீன்காரி வந்தா, ஐஸ்ல செத்து ரெண்டாந்தடவ அழுகுன சாளையக் கூடையில வச்சுக்கிட்டு. ஒண்ண எடுத்து அவரு மூக்குக்கு நேரா ஆட்டி, "அண்ணாச்சி, இது எப்பிடி இருக்கு? நீங்க எம்புட்டு மீனு தின்னவிய. பு… பு…"ன்னு தூண்டுனா. அவருக்கு வேற ஏதோ சொல்லணும், அவரு மூக்குச் சுளிப்புலேயே தெரிஞ்சுது. ஆனா அவ 'பு'ன்னு சொல்லச் சொல்ல, பாவம், கொழந்த மாதிரி "பு…"ன்னுட்டாரு. "புதுசு"ன்னு அவ முடிச்சா. பொத்து. தட்டு வச்சிருந்தா கையில, நல்லா வெளக்குன தட்டு. அங்கனயே நின்னு வாயில போட்டு, கண்ண மூடி, கழுத்து நரம்பு பொடைக்க முழுங்குனா. அன்னைக்குச் சாளை எல்லாம் வித்துச்சு, மறுநாள் ஊர்ல பாதிப் பேரு கொல்லையில உக்காந்திருந்தாங்க, உக்காந்தவங்களும் "மீனு புதுசுதான், வயிறுதான் பழசு"ன்னாங்க.

ஆவுடைக்கு 'சூடு' கெடச்சுது, ஆறுன வடையெல்லாம் போச்சு. கல்யாணத் தரகருக்கு 'தங்கம்' கெடச்சுது, குடிகாரப் பயலுகளுக்கெல்லாம் பொண்ணு கெடச்சுது. வாத்தியாருக்கு ஒண்ணு, வைத்தியருக்கு ஒண்ணு. கட்டிலச் சுத்தி நின்னுக்கிட்டு, மாடு எப்பச் சாணி போடும்னு கூடையோட நிக்கிற மாதிரி நின்னாங்க. அவரு ஒதடு அசஞ்சாப் போதும், "ப", "பா", "பால்", "பாய்", "பாக்கு"ன்னு பத்து வாயி பாயும். அவரு கண்ணு ஒவ்வொரு வாயாப் போயி, ஒவ்வொரு வாயிலயும் ஏமாந்து, கடைசியில கூரையில போயி நிக்கும்.

"எச்சின்னா காத தூரம் ஓடுவிய, இத எப்பிடி முழுங்குதிய?"ன்னு முப்பிடாதி ஒரு நாள் கேட்டேபுட்டா.

"சொல்லு எப்பிடி மதினி எச்சியாகும்? நீங்க பேசுறது எங்காதுல விழுதே, அப்ப எங்காதும் எச்சியா?"ன்னா ஆவுடை, வாய அண்ணாந்து அடுத்த உருண்டையப் போட்டுக்கிட்டே. ஒதட்டுல படாமத்தான் போட்டா. அதுல சுத்தம்.

ஒரே ஒரு சொல்லுக்குத்தான் கிராக்கி இல்ல. அப்பப்ப அவரு இடது கையத் தூக்கி, நெத்தி நரம்பெல்லாம் பொடைக்க, "வேண்…"ன்னு ஆரம்பிப்பாரு. உடனே மீன்காரி சன்னலப் பாப்பா, தரகர் செருப்பத் தேடுவாரு, "வெயிலு கூடிப் போச்சு இந்த வருசம்"னு யாராவது பேச்ச மாத்திருவாங்க. அத வாங்கிட்டுப் போயி யாருக்கு என்ன பிரயோசனம்? அது மட்டும் எடுப்பாரில்லாம அவருக்குள்ளேயே கெடந்துச்சு.

அவருக்குக் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. மொதல்ல "தண்…"ங்கிறதாவது வரும். இப்பத் தாகம்னா டம்ளரக் காட்டுவாரு, 'த'ங்கிற எழுத்துக்கூட வாசலுக்கு வராது. முப்பிடாதி ஆஸ்பத்திரியில போயி ஜெபக்கனிகிட்ட ஒண்ணு விடாம சொன்னா, சொல்லும்போதே ரெண்டு தடவ வாயப் பொத்திக்கிட்டா. ஜெபக்கனி முறுக்கத் தள்ளி வச்சா.

"எத்தன பேரு தின்னாங்க?"

"ஊரே தின்னுருக்கு."

"ச்சை"ன்னா ஜெபக்கனி, மனசார. "இங்க வாரவங்க எல்லாருக்கும் கொஞ்சம் விழத்தான் செய்யும் அக்கா. வீட்டுல எவனோ ஒருத்தன் அவங்களுக்குப் பதிலா பேசிக்கிட்டே இருப்பான், பாசத்துல. ஆனா தட்டு ஏந்திக்கிட்டு நின்னு தின்னத இப்பத்தான் கேக்கேன்."

"திருப்பி வாயில வச்சா ஒட்டாதா?"

"விழுந்தது விழுந்ததுதான். ஆனா புதுசா மொளைக்கும். நகம் மாதிரி, மெதுவா. அந்த எடத்துல வேற யாரும் வாய வைக்காம இருந்தா. மூள வேற வழி போட்டுக்கிடும், அதுக்கு நேரம் வேணும். ஒண்ணாவது அவருக்குள்ள முழுசா இருக்கணும், அதப் புடிச்சுத்தான் மத்தது வரும். எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டா எதப் புடிச்சு வரும்? அப்புறம் நான் என்ன செஞ்சாலும் வராது."

முப்பிடாதி வீட்டுக்கு வந்தா. "டாக்டரு யாரும் வரக் கூடாதுன்னுட்டாவ, ஒட்டிக்கிடுமாம்"னு வாசல்ல ஒரு பொய்யக் கட்டி விட்டு கதவச் சாத்துனா. படம் போட்ட அட்டைய எடுத்து வச்சா. பசு, பூட்டு, செருப்பு. மிட்டாய வாயில போட்டுக்கிட்டு அவரு முன்னாடி உக்காந்தா. பூதலிங்கம் அட்டையப் பாக்கல. அவளப் பாத்தாரு.

அவரு அவளப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. "ஏ", "இந்தா", "உன்னத்தான்", இதுதான் அவ பேரு. கல்யாணமான புதுசுல ஒரு தடவ கூப்பிட வந்தாரு, "மு…"ங்கும்போதே "முறுக்கா? டப்பாவுல இருக்கு"ன்னுட்டா. அதோட விட்டுட்டாரு. இப்ப அவரு வாய் மெதுவாக் குவிஞ்சுது. அடுப்பு ஊதுற மாதிரி குவிஞ்சு, நடுங்கி, வேத்து, "மு…"ன்னுச்சு.

அவ மிட்டாய நாக்குக்கு அடியில ஒதுக்கிக்கிட்டா.

"மு… ப்…"

அவ மூச்சு விடல. வருது, வருது, இத்தன வருசத்துக்கு அப்புறம் வருதுங்கிற சந்தோசத்துல, பல்லு அதுபாட்டுக்கு மிட்டாயக் கடிச்சு, வாய் அதுபாட்டுக்குத் தொறந்து, "முப்பிடாதி"ன்னுட்டா. பொத்து.

மத்ததெல்லாம் கருஞ்செவப்பு. இது மாவு மாதிரி வெள்ளையா, சின்னதா, அவ மடியில கெடந்துச்சு. பூதலிங்கம் அதப் பாத்துட்டு, அவளப் பாத்துட்டு, திட்டக்கூட இல்ல, சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. மீன்காரி வாயப் பாத்தும், கவுன்சிலரு வாயப் பாத்தும் கொமட்டுன முப்பிடாதிக்கு அன்னைக்குத்தான் தன் வாய நெனச்சுக் கொமட்டுச்சு. கொல்லையில போயி உப்பும் சாம்பலும் போட்டுப் பல்லத் தேச்சா, ஈறு எரியிற வரைக்கும் தேச்சா. அந்த வெள்ள உருண்டைய இடுக்கி இல்லாம கையாலேயே எடுத்து, மேசையில ஒரு டம்ளரக் கவுத்து அதுக்குள்ள வச்சா.

நாத்தம் அந்த வாரத்துலதான் எந்திரிச்சுது.

பொய்யில பொரளாத சொல்லு, பொய்க்குன்னே வாயில கெடந்தா என்ன ஆகும்? அழுகுச்சு. மொதல்ல மந்திரமூர்த்தி வாய். அவரு "தண்ணி"ன்னா முன் வரிசை மயங்குச்சு. மீன்காரி வாய் அவ கூடையத் தோக்கடிச்சுது. தரகர் வாயத் தொறந்ததும் கல்யாண வீட்டுல பந்தி எந்திரிச்சுட்டு. அவங்கவங்க நாத்தம் அவங்கவங்களுக்குத் தெரியாது, அடுத்தவன் நாத்தம் நல்லாத் தெரியும். ஆனா யாரும் யாருகிட்டயும் சொல்லிக்கிடல. சாக்கடதான் நாறுதுன்னு பேசி, பஞ்சாயத்துல தீர்மானம் போட்டு, சுத்தமா இருந்த சாக்கடைக்கு ரெண்டு மூட்ட பிளீச்சிங் பவுடரக் கொட்டுனாங்க. கிராம்பு வெல ஏறுச்சு. ஆம்பள துண்டாலயும் பொம்பள முந்தானையாலயும் வாயப் பொத்திக்கிட்டே நடந்தாங்க. பேச்சு கொறஞ்சுது. சாத்தாங்கரையில ஒருத்தி பேச ஆரம்பிச்சு, அத அவளே முடிக்க வேண்டி வந்து, பாதியில பயந்து நிறுத்துனத அப்பத்தான் பாக்க முடிஞ்சுது.

கடைசியில சோறு எறங்கல யாருக்கும். நாக்குல புழு ஊர்ற மாதிரி இருந்துச்சாம். எலக்‌ஷன் வேற வருது. மந்திரமூர்த்திதான் முடிவெடுத்தாரு: எடுத்தத எடுத்த எடத்துல குடுத்துருவோம்.

வெள்ளிக்கெழம காலையில ஊரே வந்துட்டு, வாழப்பழத்தோட, தாம்பாளத்தோட, வாயப் பொத்திக்கிட்டு. முப்பிடாதி சாத்துன கதவத் தள்ளிக்கிட்டு உள்ள வந்து, கட்டிலுக்கு முன்னாடி வரிசையா நின்னு, தாம்பாளத்துல குனிஞ்சு காறுனாங்க. அந்தச் சத்தத்த நான் செஞ்சு காட்டுனா நீங்க இன்னைக்குச் சாப்பிட மாட்டீங்க. தொண்டைக்குள்ள வெரல விட்டு, கண்ணு பிதுங்க, ஒவ்வொருத்தரா கக்குனாங்க. விழுந்ததெல்லாம் பச்ச பூத்து, நுரை கட்டி, செத்த எலி மாதிரி வயிறு ஊதி, ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கிட்டுக் கெடந்துச்சு. 'தண்ணி' சீழா ஓடுச்சு. 'புதுசு'ல ஈ மொய்ச்சுது. கக்கி முடிச்சதும் எல்லாரும் அவசர அவசரமா வாய மறுபடி பொத்திக்கிட்டாங்க, இப்ப ஒரே எடத்துல எல்லா நாத்தமும்.

"அண்ணாச்சி"ன்னாரு மந்திரமூர்த்தி, துண்டுக்குள்ளேருந்து. "உங்க சாமானு. ஒண்ணுகூடக் கொறையல. வாயத் தொறங்க, வச்சு விட்டுருதோம்."

ஆவுடை கரண்டி கொண்டு வந்திருந்தா.

விழுந்தது திரும்ப ஒட்டாது, அழுகுனத உள்ள திணிச்சா இருக்கிற ஒண்ணும் சேந்து அழுகிரும், அது முப்பிடாதிக்குத் தெரியும். பூதலிங்கம் தாம்பாளத்தப் பாத்தாரு. கரண்டியப் பாத்தாரு. இடது கைய மெதுவாத் தூக்குனாரு. நெத்தி நரம்பு பொடைச்சுது.

"வேண்…"

முப்பிடாதி வாய்க்குள்ள அந்தச் சொல்லு முழுசா வந்து பல்லுல முட்டுச்சு. கத்தணும், அவருக்குப் பதிலா கத்தணும், இவங்க மூஞ்சியில அறையிற மாதிரி கத்தணும். கத்துனா பொத்துன்னு விழுந்துரும். ஊரு இத்தன நாளா விட்டு வச்ச கடைசிச் சொல்லு, பொண்டாட்டி வாயால விழுந்துரும். மடியில மிட்டாயத் தொழாவுனா. வெறும் பொட்டணக் காயிதம். ஒதடு பிரியுது அவளுக்கு, 'வே'ங்கிறதுக்குப் பல்லு எறங்கிட்டு. கைக்கு எட்டுன தூரத்துல இருந்தது அந்தக் கவுத்துன டம்ளரு ஒண்ணுதான்.

டம்ளரத் தட்டி விட்டா. அந்த வெள்ள உருண்டைய எடுத்தா. காஞ்சு போயி, மேல தூசி படிஞ்சு, ஓரத்துல ஒரு நரச்ச மயிரு ஒட்டி, இன்னொருத்தர் வாயிலேருந்து விழுந்த அந்த எச்சிய, இடுக்கி இல்லாம டம்ளரு தொடாத முப்பிடாதி தன் வாய்க்குள்ள போட்டு ஒதட்ட மூடிக்கிட்டா. கண்ணுல தண்ணி கொட்டுச்சு. மயிரு அண்ணத்துல ஒட்டிக்கிட்டு. கடிக்கல. முழுங்கல. வச்சுக்கிட்டா.

வீட்டுல ஒரு சத்தம் இல்ல. ஊரு வாயில துண்டு, பொண்டாட்டி வாயில உருண்ட. பூதலிங்கம் வாழ்க்கையில அப்படி ஒரு எடம் அவருக்கு யாரும் விட்டுக் குடுத்ததில்ல. ஈ மட்டும் சுத்துச்சு. "வேண்…"ன்னு நின்னாரு. ஒதட்டோரத்துல எச்சி வழிஞ்சுது, யாரும் தொடைக்கல. அவரு கண்ணு ஒவ்வொரு வாயாப் போச்சு, எல்லாம் மூடியிருந்துச்சு, மறுபடி அவரு வாய்க்கே திரும்பி வந்துச்சு. மந்திரமூர்த்தி ஒரு கால மாத்தி நின்னாரு. மோட்டார் ஓடி ஓஞ்ச பெறகு மில்லுக்குள்ள இருக்குமே ஒரு அமைதி, அப்படி.

"…டாம்"னாரு பூதலிங்கம்.

பெருசாச் சொல்லல. நமுத்த மொளகாயத் திருப்பி அனுப்புற மாதிரிதான் சொன்னாரு. அது அவரு வாயிலேருந்து விழவும் இல்ல, அங்கேயே இருந்துச்சு, வேணும்னா இன்னொரு தடவ சொல்லலாங்கிற மாதிரி. சொல்லவும் சொன்னாரு: "வேண்டாம்." ஊரு அதுவரைக்கும் அந்தச் சொல்ல யாரு வாயிலயும் முழுசாக் கேட்டதில்ல. கேட்டா எப்பிடி இருக்கும்னு தெரியாததால மறு பேச்சு பேசவும் தெரியல. ஆவுடை கரண்டியச் சேலைக்குள்ள மறைச்சா. ஒவ்வொருத்தரா அவங்கவங்க தாம்பாளத்த எடுத்தாங்க. தெருவுல கொட்டுனா தெரு நாறும், வீட்டுக்குக் கொண்டுபோனா வீடு நாறும். என்ன செஞ்சாங்களோ, சாத்தாங்கரைப் பக்கம் பஸ்ஸுல போனீங்கன்னா இன்னைக்கும் சன்னல மூடச் சொல்லுவாரு கண்டக்டரு. சாக்கடன்னுதான் அவரும் சொல்லுவாரு.

கடைசி ஆளு போனதும் முப்பிடாதி கதவச் சாத்துனா. உருண்டையத் துப்பிருக்கலாம். துப்ப வந்தவ நின்னா. பூதலிங்கம் அவளையே பாத்துக்கிட்டு இருந்தாரு, வாய் மெதுவாக் குவியுது, அடுப்பு ஊதுற மாதிரி. அந்தச் சொல்லு அவருகிட்ட இல்ல. விழுந்துட்டு, அவ வாயிலதான் இருக்கு. இனி புதுசாத்தான் மொளைக்கணும்.

அவ கீழ, அவரு காலடியில உக்காந்தா. வாய்க்குள்ள அது கரைய ஆரம்பிச்சிருந்துச்சு. கசப்பும் கோழையும் போன எடத்துல, அடியில, அரைச்ச மல்லி வாசம் லேசா வந்துச்சு.

"மு…"ன்னாரு.

அவ ஒதட்ட இன்னும் இறுக்கி மூடிக்கிட்டா. வெளிய ஒரு பஸ் வேகத்தடையில ஏறி எறங்குச்சு. மில்லுக்குக் கோதும கொண்டு வந்தவங்க ரெண்டு தடவ கதவத் தட்டிட்டுப் போனாங்க. வெயிலு சொவத்துலேருந்து தரைக்கு எறங்குச்சு. அவரு வேத்து வழிய, அதே எழுத்துலேருந்து அடுத்த எழுத்துக்கு வழி தேடிக்கிட்டு இருந்தாரு.

என்ன சொல்ல வாராருன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்க.